நாற்பதுக்குள் விரிய வேண்டிய முருகை

நான் வேலை செய்த மீன்தொட்டிக் கடையில் இப்போது ஒரு கருவி வாங்கியிருக்கிறார்கள். அதைத் தொட்டிக்குள் இறக்கிவிட்டால் தண்ணீரின் உப்பு, சூடு எல்லாவற்றையும் கைத்தொலைபேசிக்குச் சொல்லிவிடுமாம். போன மாதம் அந்தப் பக்கம் போனபோது அங்கே வேலை செய்யும் இரண்டு பெண்பிள்ளைகள் அதை எனக்குக் காட்டினார்கள். "ராத்தா, ஒங்கட காலத்தில இது இல்லாம எப்பிடிச் செஞ்சீங்க?" என்று கேட்டார்கள். நான் வேலையை விட்டு மூன்று வருடம்தான் ஆகிறது. அதற்குள் "ஒங்கட காலம்" என்கிறார்கள், நான் ஏதோ ஒல்லாந்தர் காலத்துப் பொம்பிளை மாதிரி.

அந்தக் கேள்விக்கு நின்ற நிலையில் பதில் சொல்ல முடியாது. அதனால் எழுதுகிறேன். நான் படித்தது மூன்றாம் வகுப்பு. எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன், மெதுவாகத்தான் வரும். ஆனால் இந்தக் கல்முனைக் கரையில் தொட்டி முருகைக்கு வைத்தியம் தெரிந்த பொம்பிளை யார் என்று கேட்டால் ஆசியா என்றுதான் சொல்வார்கள். வேறு பொம்பிளை யாரும் அந்த வேலைக்கு வரவில்லை என்பதும் ஒரு காரணம். கதையில் வரும் வீட்டுக்காரர்களின் பெயரை மாற்றியிருக்கிறேன். ஊரில் எல்லாருக்கும் அது யார் வீடு என்று தெரியும், அது வேறு விடயம்.

முருகை என்றால், அதாவது பவளப்பாறை, கடலடியில் கல்லாகக் கிடப்பது என்றுதான் எங்கள் பக்கத்து நினைப்பு. நான் சொல்வது கல்லாகாத முருகை. தொட்டால் சதை மாதிரி இருக்கும். சிலது காளான் மாதிரி, சிலது விரல் விரலாக, சிலது தோல் மாதிரி மடிந்து கிடக்கும். மனம் நன்றாக இருந்தால் பூவாக விரியும். ஏதாவது பிடிக்காவிட்டால் சுருங்கிப் பழைய செருப்பு மாதிரி ஆகிவிடும். எங்கள் கடலில் முருகை எடுக்க விடமாட்டார்கள், அது சட்டம். எங்கள் கடைக்கு வருவதெல்லாம் பண்ணையில் வெட்டி வளர்த்த துண்டுகள். கொழும்பிலிருந்து கடதாசியோடு வரும். கடதாசி இல்லாத ஒரு துண்டைக் கூட முதலாளி வாசற்படி தாண்ட விட்டதில்லை.

முதலாளியை எல்லாரும் ஹாஜியார் என்பார்கள். என் கணவர் மவுத்தாகி நான் தனித்த பிறகு அவருடைய கடைக்குக் கண்ணாடி கழுவப் போனேன். ஐந்து வருடம் நன்னீர் மீன். அதன் பிறகு அவர் கடல் தொட்டியில் இறங்கினார், நானும் வாளியோடு இறங்கினேன். படித்த காலத்தைப் பற்றிச் சொல்ல இவ்வளவுதான்.

ஹாஜியார் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. ஒரு வீட்டுக்குப் போனால் சலாம் சொல்லி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தொட்டிக்கு முன்னால் நிற்பார். கால் மணி நேரம் பேசமாட்டார். வீட்டுக்காரர் வேர்த்துப் போய்த் தானாகவே எல்லாவற்றையும் ஒப்புக்கொள்ளத் தொடங்குவார். அதற்குப் பிறகுதான் மூன்று கேள்வி கேட்பார். "ஆரு கை விட்ட? எப்ப விட்ட? என்னத்துக்கு விட்ட?" முருகை செத்துப்போனது என்று அவர் வாயால் வராது. "கோவமா இரிக்கி" என்பார். சவர்க்காரம் போட்ட கையைத் தொட்டியில் விடக்கூடாது, வெறும் தண்ணீரில் முழங்கை வரை கழுவவேண்டும், கையுறை போடவேண்டும். சில முருகைக்கு நஞ்சு உண்டு. கண்ணைக் கசக்கினால் கண் போகும் என்று முதல் நாளே சொல்லித்தந்தார்.

எனக்கு அவர் சொன்ன மற்றப் பாடம் இது: "முருகை எண்டா புது மாப்பிள்ள மாதிரி, ராத்தா. பொண்ணு ஊட்டுக்கு வந்த புதுசில ஒண்டும் திங்காது, முகத்தத் தூக்கி வெச்சிக்கிட்டு இரிக்கும். சும்மா உட்டாத் தானா எழும்பும். நாம அங்க வெச்சிப் பாக்கிற, இஞ்ச வெச்சிப் பாக்கிற. அதுதான் கேடு."

இந்தப் பாடத்தை நான் உடனே படித்தேன் என்று சொன்னால் பொய். முதன்முதலாக ஒரு தோல் முருகை மினுமினு என்று மெழுகு பூசின மாதிரி ஆகி, பாலில் படர்வது மாதிரி ஒரு ஆடை படர்ந்து நின்றது. அழுக்கு என்று நினைத்துப் புதுப் பல்துலக்கி ஒன்றை எடுத்து நன்றாகத் தேய்த்துவிட்டேன். ஹாஜியார் வந்து பார்த்தார். "ராத்தா, அது தோல் மாத்துது. நீங்க குளிச்சிக்கிட்டு இரிக்கக்குள்ள ஒராள் வந்து பீர்க்கங்காய்க் கூடால உரஞ்சினா எப்பிடி இரிக்கும்?" என்றார். அந்த முருகை எட்டு நாள் எனக்கு முகம் காட்டவில்லை.

எங்கள் ஊர்க்காரர் எல்லாரும் செய்யும் பிழை ஒன்று இருக்கிறது. அதையும் சொல்லிவிடுகிறேன். தொட்டித் தண்ணீர் வெக்கைக்கு வற்றும். கடல் பக்கத்தில்தானே இருக்கிறது என்று ஒரு வாளி கடல் தண்ணீரை எடுத்து வந்து ஊற்றிவிடுவார்கள். வற்றுவது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே நிற்கும். அதற்கு மேல் உப்புத் தண்ணீரை ஊற்றினால்? காரைதீவு வாத்தியார் ஒருவர் இப்படி நாலு மாதம் ஊற்றியிருந்தார். உப்புப் பார்க்கும் குழலில் ஹாஜியார் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தார். குழலைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். "வாத்தியார், இதுக்குள்ள மீனப் போட்டா கருவாடாத்தான் எடுக்கலாம்" என்றார். வடித்த நல்ல தண்ணீரைத்தான் ஊற்றவேண்டும். பிள்ளைகளே, கருவி இதைச் சொல்லும், ஆனால் வாத்தியாருக்கு நீங்கள்தான் சொல்லவேண்டும்.

இனி ரிஸ்வி வீட்டுக் கதை.

ரிஸ்வி மருந்துக் கடை வைத்திருப்பவர், அமைதியான மனுசன். எங்கள் பக்கம் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவார். அந்த வீட்டின் கதவு, சன்னல், கட்டில், கட்டிலுக்கு மேல் சுற்றும் காற்றாடி எல்லாமே சீதனம். ரிஸ்விக்குச் சொந்தம் என்று அந்த வீட்டில் இருந்தது மண்டபத்தில் அவர் வைத்த நாலடித் தொட்டி ஒன்றுதான். பெருவிரல் அளவில் வாங்கிய தோல் முருகையை ஐந்து வருடத்தில் சோற்றுப் பீங்கான் அளவுக்கு வளர்த்திருந்தார்.

அவருடைய மாமியார் சுலைஹா மாமி. தெருவே அவரை மாமி என்றுதான் கூப்பிடும், நானும் அப்படித்தான். மாமிக்கு அந்தத் தொட்டியை முதல் நாளிலிருந்தே பிடிக்காது. "கடல் ஒருக்கா சொல்லாமக் கொள்ளாம ஊட்டுக்குள்ள வந்த போதாதா? இவரு கண்ணாடி செஞ்சி கூப்பிட்டு வெச்சிரிக்காரு" என்பார். சுனாமியைத்தான் சொல்கிறார். எங்கள் கரையில் அதை மறந்தவர் யாரும் இல்லை.

மாமியின் மகளுக்கு, அதாவது ரிஸ்வியின் மனைவிக்கு, ஆண் குழந்தை பிறந்தது. பிறந்த சில நாளில் தொட்டி முருகை எல்லாம் சுருங்கத் தொடங்கியது. ஹாஜியார் காலையில் இரண்டு தரம் போய்ப் பார்த்தார். உப்பு சரி, சூடு சரி, சின்னப் போத்தல்களில் நிறம் பார்த்தார், அதுவும் சரி. கொப்பியில் எழுதிக்கொண்டு வந்தார். குழந்தைக்குப் பதினெட்டு நாளானபோது ரிஸ்வி கடைக்கே வந்துவிட்டார்.

"ஹாஜியார், மாமி முடிவாச் சொல்லிட்டா. புள்ளட நாப்பதாம் நாளுக்கு ஊர்ப் பொம்பிளயள் எல்லாம் வருவாங்களாம். பச்சப் புள்ள இரிக்கிற ஊட்டு மண்டபத்தில செத்ததப் பாக்க வெக்க ஏலாதாம். நாப்பதாம் நாள் காலத்தால இது விரிஞ்சி நிக்கல்லண்டா தொட்டியத் தூக்கிக் கடல் பக்கம் கொண்டு கொட்டச் சொல்லிட்டா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஓம் எண்டன்."

"வேற என்ன சொல்ல" என்றார் ஹாஜியாரும். அவரும் பெண் வீட்டில் இருப்பவர்தானே. அதன் பிறகு என்னைப் பார்த்தார். "புள்ளப்பெத்த ஊடு. நான் அங்க நெடுக நிக்க ஏலா. நீங்க போய் இருந்து பாருங்க, ராத்தா."

"எத்தின நாளைக்கு?"

"விரியும் மட்டும்."

நான் போன அன்று குழந்தைக்குப் பத்தொன்பது நாள். ஆகக் கையில் இருந்தது இருபத்தொரு நாள். அதில் ஐந்தை நானே வீணாக்கினேன். போய் நின்ற அரை மணி நேரத்தில், கண்டுபிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். மருந்துக் கடைக்காரர், கையில் எப்போதும் களிம்பும் மருந்துத் தூளும் இருக்கும், அதே கையால்தான் தொட்டியில் தொடுகிறார். "ஒங்கட கைதான் நோய்" என்று வீட்டார் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன். பாவம் மனுசன், ஐந்து நாள் அந்தப் பக்கமே வரவில்லை. கையைக் கட்டிக்கொண்டு தூரத்தில் நின்று எட்டிப் பார்த்தார். மாமி எனக்குத் தேத்தண்ணியோடு பணியாரமும் தந்தார். மருமகனைக் குறை சொல்ல வந்தவள் என்று என்மேல் ஒரு பிரியம்.

ஐந்து நாள் போயும் முருகை அப்படியேதான். காலையில் பாதி விரியும், நான் பின்னேரம் அசர் தொழுகைக்கு வீட்டுக்குப் போய் அடுத்த நாள் வந்தால் பழைய செருப்பு. ரிஸ்வியிடம் போய், "தம்பி, கையில பிழ இல்ல. நான்தான் பிழையாச் சொல்லிட்டன்" என்றேன். இந்த வசனத்தை என் வாழ்க்கையில் நான் அதிகம் பாவித்ததில்லை.

இருபத்தைந்தாம் நாள் மாரி மழை பிடித்துக்கொண்டது. வீட்டுக்குப் போக முடியவில்லை. அங்கேயே தொழுதுவிட்டு வந்து தொட்டிக்கு முன்னால் இருந்தேன். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே முருகை ஒவ்வொன்றாகச் சுருங்குகிறது. யாரும் தொடவில்லை, விளக்கும் அணையவில்லை. ஸ்கிம்மர் தண்ணீர் வந்து விழும் மூலையில் இருந்தது முதலில் கையை மடக்கியது. அதற்குப் பக்கத்தில் இருந்தது அடுத்து. சபையில் ஒருவர் எழும்ப மற்றவர்களும் எழும்புவார்களே, அப்படி.

ஸ்கிம்மர் என்பது தண்ணீருக்குள் காற்றை இழுத்து நுரையாக்கி, அந்த நுரையோடு அழுக்கை வெளியே எடுக்கும் கருவி. அழுக்கு மேலே ஒரு கிண்ணத்தில் சேரும். அந்தக் கிண்ணத்தைக் கழற்றினேன். முப்பது வீட்டில் அந்தக் கிண்ணம் கழுவியிருக்கிறேன். எல்லா வீட்டிலும் அழுகின மீன் மாதிரி நாறும். அன்றைக்கு அது மணந்தது.

கடல் அழுக்கு மணக்கக் கூடாது. மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனேன். சாம்பிராணி.

கருவி காற்று இழுக்கும் குழாயைத் தேடினேன். அது தொட்டிக்குப் பின்னால் போய், சுவரில் இருந்த பழைய வயர் ஓட்டைக்குள் நுழைந்தது. இழுக்கும் சத்தம் மண்டபத்தில் கேட்கக் கூடாது என்று ரிஸ்வி எப்போதோ அந்தப் பக்கத்து அறைக்குள் விட்டிருக்கிறார். அப்போது அது வெறும் அறை. இப்போது தாயும் பிள்ளையும் இருக்கும் அறை. கதவைத் திறந்தேன். மகள் குளித்துவிட்டுத் தலையை விரித்துக்கொண்டு இருந்தாள். மாமி சாம்பிராணிச் சட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். புகை மகளின் தலைமுடியைச் சுற்றி, தொட்டிலைச் சுற்றி, கடைசியில் வரிசையில் நின்று போவது மாதிரி அந்தக் குழாய்க்குள் போய்க்கொண்டிருந்தது. கதவு சாத்தியே இருந்ததால் மண்டபத்தில் இருந்தவர்களுக்கு வாசனை கூடத் தெரியவில்லை. ஹாஜியார் வந்ததெல்லாம் காலையில். ரிஸ்வி கடை பூட்டி வருவது இரவு இஷாவுக்குப் பிறகு. அசர் நேரம் அங்கே நின்றது நானும் மழையும்தான்.

ஆனால் இதை மாமியிடம் எப்படிச் சொல்வது? பிள்ளைப்பெத்த அறையில் புகை போடாதே என்று எந்த வாயால் சொல்வது?

"மாமி, இந்தக் குழாயச் சன்னலுக்கு வெளிய உடோணும்."

"என்னத்துக்குகா?"

"அதுக்கு வெளிக்காத்து வேணுமாம்."

"ஆரு சொன்ன?"

"ஹாஜியார்."

மாமி சட்டியைக் கீழே வைத்தார். "என்ட சாம்பிராணியத்தானே சொல்லுறாய்?"

நான் குனிந்து குழாயைப் பிடித்தேன்.

"நான் ஏழு புள்ள பெத்தவகா. ஏழுக்கும் நாப்பது நாள் போட்ட பொக இது. ஒண்டுக்கும் மூச்சு முட்டல்ல. இவருட கல்லுக்கு முட்டுதாமா?"

"கல்லில்ல மாமி. சத."

"சதயா? அப்ப ஆணம் ஆக்கித் திங்கலாமே."

கட்டிலில் இருந்த மகள் சிரித்துவிட்டாள். தையல் போட்ட உடம்பு, சிரித்ததற்கு அழுதாள். மாமி அவளை அதட்டிவிட்டு என் பக்கம் கிறுகினார். "குழாய எங்கயும் உடு, எனக்கென்ன. பொகய நிப்பாட்டமாட்டன். நாப்பதாம் நாள் எண்டது நாப்பதாம் நாள்தான். ஆக்கள் ரெண்டு பேருக்குச் சொல்லிட்டன், தூக்குறத்துக்கு."

குழாயைச் சன்னலுக்கு வெளியே விட்டேன். பதினைந்து நாள் இருந்தது. இனி வைத்தியம்.

பிள்ளைகளே, இதைக் கவனமாக வாசியுங்கள். முதலில் அவசரப்படவில்லை. தண்ணீரை ஒரேயடியாக மாற்றினால் அது இன்னொரு அதிர்ச்சி. பத்தில் ஒரு பங்கு மட்டும், ஒருநாள் விட்டு ஒருநாள். புதுத் தண்ணீரின் உப்பும் சூடும் பழையதோடு ஒத்துப்போகவேண்டும். நான் குழலாலும் பார்த்தேன், கையாலும் பார்த்தேன். வடிகட்டுவதற்கென்று விற்கும் கரியை நன்றாக அலசிப் பையில் போட்டு, தண்ணீர் ஓடும் வழியில் வைத்தேன். அதைக் கண்டு மாமி, "கரி வேணுமெண்டா அடுப்பில கெடக்கே" என்றார். அடுப்புக் கரி கூடாது. ஒன்பது மணி நேரம் எரிந்த விளக்கை ஐந்தாகக் குறைத்தேன். தண்ணீர் ஓட்டத்தை முகத்தில் அடிக்காமல், ஆனால் மேலில் அழுக்குத் தங்காத அளவுக்குத் திருப்பினேன். ஒன்றையும் இடம் மாற்றவில்லை, தீனும் போடவில்லை. விரல் முருகையில் ஒரு கிளை கறுத்து அழுகியிருந்தது. கையுறை போட்டு, தொட்டிக்கு வெளியே எடுத்து, புதுச் சவர அலகால் நல்ல சதை வரும்வரை வெட்டினேன். ரிஸ்வி முகத்தைத் திருப்பிக்கொண்டார். நாள் முழுக்க ஆட்களின் புண்ணுக்கு மருந்து கொடுக்கிறவர்.

ஒவ்வொரு நாளும் கடைக்குப் போய் ஹாஜியாரிடம் சொல்வேன், அவர் கொப்பியில் எழுதுவார். சாம்பிராணி என்று சொன்ன அன்று அவர் பேனையை மூடி வைத்தார். "நான் பதினாறு சாமான் அளந்தன், ராத்தா. மணத்த அளக்கல்ல" என்றார். அவர் வாயிலிருந்து எனக்குக் கிடைத்த பெரிய பட்டம் அதுதான்.

முப்பத்திரண்டாம் நாள் காலையில் ரிஸ்வி மருந்துக் கடையைத் திறக்காமல் என் வீட்டுக்கு ஓடி வந்தார். "ராத்தா! தோல் உரியுது! எல்லாம் முடிஞ்சி!" போய்ப் பார்த்தால் பெரிய தோல் முருகையில் மெழுகு ஆடை படர்ந்திருந்தது. "முடியல்ல தம்பி, குளிக்கிது" என்றேன். ஆடை தானாகக் கழன்று வர, மருந்து ஊசியின் வெறுங்குழாயால் தண்ணீரை மெதுவாகப் பீச்சி விலக்கினேன். பல்துலக்கியை நினைத்துக்கொண்டேன், வெளியே சொல்லவில்லை. முப்பத்தாறில் விரல் முருகை விரிந்தது. முப்பத்தெட்டில் காளான்கள். பெரியது மட்டும் சோற்றுப் பீங்கானைக் கவிழ்த்து வைத்த மாதிரி அப்படியே. மண்டபத்துக்குள் வருபவர் கண் முதலில் படுவது அதில்தான்.

நாற்பதாம் நாள் காலையில் நான் போனபோது முற்றத்தில் ஆட்கள் இரண்டு பேரும் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார்கள். ரிஸ்வி தொட்டிக்குப் பக்கத்தில் கதிரையில் இருந்தார். அழவில்லை, ஆனால் மையித்துக் கிடக்கும் வீட்டில் இருப்பது மாதிரி இருந்தார். விளக்கைப் போட்டோம். ஒரு மணி நேரம் ஒன்றும் இல்லை. மாமி இரண்டு தரம் வந்து பார்த்துவிட்டுப் போனார். மூன்றாம் தரம் வந்து வாசலைப் பார்த்துக் கையைத் தூக்கினார், ஆட்களைக் கூப்பிட.

"மாமி," என்றேன். "ஒரு நிமிசம்."

பெரியதின் விளிம்பில் மயிர் மயிராகக் கொஞ்சம் நீட்டிக்கொண்டு வந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னும் கொஞ்சம். பிறகு மடிப்பு மடிப்பாகத் தலையைத் தூக்கி, மேலெல்லாம் பூத்துக்கொண்டு எழும்பியது. ஆட்கள் இரண்டு பேரும் உள்ளே வந்து வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள்.

மாமி கொஞ்ச நேரம் பார்த்தார். தூக்கிய கையை இறக்கவேண்டுமே. "என்ன பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? பந்தலுக்க பொம்பிளயள் இரிக்க வாங்கு போடத்தான் ஒங்களக் கூப்பிட்ட!" என்று அவர்களை விரட்டினார்.

பத்து மணிக்குப் பொம்பிளைகள் வரத் தொடங்கினார்கள். குழந்தையைப் பார்த்தவர்கள் அடுத்ததாகத் தொட்டியைச் சுற்றி நின்றார்கள். மாஷா அல்லாஹ் என்றார்கள். முந்தி வந்து பழைய செருப்பைக் கண்ட ஒரு கிழவி, "இது செத்துப் போச்செண்டெல்லா சொன்ன? எப்பிடிகா எழும்பின?" என்று கேட்டார்.

மாமி முக்காட்டைச் சரி செய்தார். "எல்லாம் என்ட சாம்பிராணிதான். ஒரு நாளும் உடாமப் போட்டன். புள்ளயும் தேறின, இதுவும் தேறின."

மண்டபம் முழுக்க அதைக் கேட்டுக்கொண்டது. கிழவி நம்பாமல் என் பக்கம் கிறுகினார். "ஆசியா, நீ இதில வேல செய்யிறவதானே. உண்மயா?"

கதவுத் திரைக்குப் பின்னால் ரிஸ்வியின் கால் இரண்டும் தெரிந்தது, அசையவில்லை. என் தொண்டையில் கிண்ணம், குழாய், கரி, அலகு, இருபத்தொரு நாள் எல்லாம் வந்து நின்றது. மாமி என்னைப் பார்க்கவில்லை. தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தார். ஆனால் ஆட்டம் கொஞ்சம் வேகம்.

"ஓம்," என்றேன். "மாமிட கைராசி."

அன்றிலிருந்து அந்தத் தொட்டியைத் தூக்கும் பேச்சு அந்த வீட்டில் எழவில்லை. அந்தத் தெருவில் மட்டும் மூன்று வீட்டார் தொட்டிக்குப் பக்கத்தில் சாம்பிராணி போடத் தொடங்கி, ஒவ்வொன்றாகப் போய் நான்தான் நிறுத்தவேண்டியிருந்தது.

சாப்பாடு முடிந்து நான் புறப்பட்டபோது மாமி படலை வரை வந்தார். சோற்றுப் பொட்டலம் ஒன்றைக் கையில் திணித்தார். இரண்டு கையாலும் பிடிக்கவேண்டியிருந்தது.

"என்ன மாமி இவ்வளவு? நான் திண்டுட்டன்தானே."

"கொண்டு போ கா," என்றார். "சொல்ல வந்தத முழுங்கினா வயிறு நெறயாது."